குழாயை அறிந்தவளே அட்டவணை போடட்டும்

அல்சூர், பெங்களூரு

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது நீ ஒரு கேள்வி கேட்டாய். ஐந்தாவது செமஸ்டருக்கு விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்க வேண்டும், மெக்கானிக்கல் படிப்போடு கட்டுமான மேலாண்மையையும் சேர்த்துப் படித்துவிட்டு, கட்டடங்களின் இயந்திரப் பணிகளை எடுத்து நடத்துகிற வேலைக்குப் போகலாமா என்றாய். உன் தோழிகள் எல்லாரும் கோடிங் பக்கம் திரும்பிவிட்டார்கள். உன் அப்பாவோ போனில், "சைட்டில் தூசியில் நிற்கவா பிள்ளையை மெக்கானிக்கல் சேர்த்துவிட்டேன்?" என்று வருத்தப்பட்டான். அவன் கவலையும் புரிகிறது, உன் ஆசையும் புரிகிறது. சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிடுகிற பதில் இல்லை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாகப் படி. ஆனால் கணக்கும் வெப்பமும் கஷ்டமாக இருக்கிறது என்பதற்காக மேலாண்மைப் பக்கம் ஒதுங்குவதாக இருந்தால் வேண்டாம். இந்தத் தொழிலில் நிர்வாகம் என்று தனியாக ஒன்று கிடையாது. பம்பையும் குழாயையும் காற்றையும் அறிந்தவர் கையில்தான் வேலை நடக்கும். மற்றவர்கள் அட்டவணை போடுவார்கள், வேலை அட்டவணையைக் கேட்காது.

ஒரு கட்டடத்தில் நகர்கிறது எல்லாம் நம் வேலை. ஏசிக்குக் குளிர்ந்த நீர், டக்ட் வழியே காற்று, குடிநீர், கழிவுநீர், தீயணைப்புக் குழாய், மருத்துவமனையாக இருந்தால் ஆக்சிஜன் குழாய். சைட்டில் இதையெல்லாம் மின்வேலையோடு சேர்த்து எம்.இ.பி. என்றோ, 'சர்வீசஸ்' என்றோ சொல்வார்கள். தூணும் பீமும் எழும்போது சிவில்காரர்கள் தெரிவார்கள். நம் வேலை முடிந்ததும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே மறைந்துவிடும். ஆனால் சிவில் வேலை மட்டும் முடிந்த கட்டடத்தில் யாரும் குடியேற முடியாது. டேட்டா சென்டர் மாதிரியான கட்டடங்களில் சுவரையும் தளத்தையும்விட மின்சாரத்துக்கும் குளிர்விப்புக்கும்தான் அதிகப் பணம் செலவாகிறது. உன் தோழிகள் எழுதப் போகும் நிரல்கள் ஓடுகிற சர்வர்களைச் சூடாகாமல் காப்பது ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர் போட்ட குழாய்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்.

இதைப் படிக்க பெங்களூருவைவிட நல்ல ஊர் உனக்குக் கிடைக்காது. நீ ஹாஸ்டலில் திறக்கும் குழாயையே எடுத்துக்கொள். இந்த ஊர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. பக்கத்தில் பெரிய ஆறு இல்லை. காவிரித் தண்ணீரை தொரெகாடனஹள்ளியில் சுத்திகரித்து, சுமார் 100 கிலோமீட்டர் தூரம், சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு, தொரெகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுனி என்று மூன்று இடங்களில் பம்ப் வைத்து ஏற்றுகிறார்கள். முதல் கட்டம் 1974-இல் வந்தது. ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபர் 16 அன்று தொடங்கியது. அது மட்டும் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர்.

இப்போது உன் திரவ இயக்கவியல் நோட்டை எடு. ஆயிரம் லிட்டர் தண்ணீரை 500 மீட்டர் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? 1000 கிலோ, 9.81, 500 மூன்றையும் பெருக்கினால் சுமார் 49 லட்சம் ஜூல். அதாவது 1.36 யூனிட் மின்சாரம். ஐந்தாம் கட்டத்தின் முழுத் தண்ணீருக்கும் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்குப் பத்தரை லட்சம் யூனிட். உராய்வே இல்லை, பம்பும் மோட்டாரும் ஒரு துளியும் வீணாக்கவில்லை என்று வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு. உண்மையில் இதைவிட அதிகம் ஆகும். எவ்வளவு அதிகம் என்பது குழாயின் விட்டம், வளைவுகள், வால்வு, பம்ப் தேர்வு எல்லாவற்றையும் பொறுத்தது. அதாவது இதைக் கட்டியவர்கள் கட்டும்போது எடுத்த முடிவுகளுக்கு இந்த நகரம் தினமும் மின்கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறது. நீ படிக்க நினைக்கும் துறையின் கனம் இதுதான். கட்டும்போது நாம் செய்கிற சின்னத் தவறுக்கு, கட்டடம் நிற்கும் காலம் வரைக்கும் யாரோ பணம் கொடுப்பார்கள்.

இந்த ஊரின் உயரம் உனக்கு இன்னொரு பாடமும் வைத்திருக்கிறது. இங்கே காற்று கடற்கரையில் இருப்பதைவிடச் சுமார் பத்து சதவீதம் லேசானது. ஏசி கணக்கில், காற்று சுமக்கும் வெப்பத்தைக் கண்டுபிடிக்க காற்றோட்டத்தின் சி.எஃப்.எம். அளவையும் வெப்பநிலை வித்தியாசத்தையும் 1.08-ஆல் பெருக்கச் சொல்லிப் புத்தகம் கற்றுக்கொடுக்கும். அந்த 1.08 கடல் மட்டத்துக்கு உரிய எண். பெங்களூருவில் அது ஏறக்குறைய 0.97. சென்னையில் சரியாக வேலை செய்த அதே விசிறியை அப்படியே இங்கே கொண்டுவந்து மாட்டினால், அதே கன அளவு காற்றைத் தள்ளும், ஆனால் அது சுமக்கும் வெப்பம் குறைந்திருக்கும். அறை குளிரவில்லை என்று வாடிக்கையாளர் புகார் சொல்வார். அட்டவணை மட்டும் போடத் தெரிந்தவர், விசிறியை நிறுவியாயிற்று, தேதிக்குள் முடித்தாயிற்று என்று டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார். இயந்திரம் தெரிந்தவர், ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே சப்ளையரின் தாளில் எந்த உயரத்துக்கான கணக்கு என்று கேட்டிருப்பார்.

சரி, இயந்திரம் தெரிந்தால் போதுமா என்று நீ கேட்பாய். போதாது. அதனால்தான் நீ கேட்ட மற்ற பாதியும் தேவைப்படுகிறது. கட்டுமானத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு முறை வரிசை உண்டு. வரைபடத்தில் சரியாக இருக்கும் ஒரு விஷயத்தைத் தவறான நாளில் செய்தால் அது தவறான வேலை.

ஒரு குழாய் பீமைத் துளைத்துக்கொண்டு போக வேண்டும் என்றால், கான்கிரீட் போடுவதற்கு முன்பே ஸ்லீவ் என்கிற உறைக்குழாயை வைத்தாக வேண்டும். அதற்கு ஷாப் டிராயிங் அதற்கும் முன்பே ஒப்புதல் ஆகியிருக்க வேண்டும். அதற்கு எந்தப் பம்ப், எந்த விட்டம் என்று முடிவாகியிருக்க வேண்டும். ஒரு கண்ணி தாமதமானால், பிறகு கோர் கட்டிங் மெஷினை வைத்துப் பீமைத் துளைக்க ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கெஞ்ச வேண்டும். அவர் பல நேரம் மறுப்பார், அது அவர் கடமை. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் பல டன் எடையுள்ள இயந்திரம். ஆர்டர் கொடுத்த பிறகு வந்து சேரப் பல மாதம் ஆகும். அது அடித்தளத்துக்கு இறங்க எந்த வழியாக வரும், எந்தச் சுவரை அது வரும்வரை கட்டாமல் விட வேண்டும், எந்தத் தளத்தின் மேல் உருளும், அந்தத் தளம் தாங்குமா என்று எல்லாவற்றையும் அது தொழிற்சாலையிலிருந்து கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

தாழ்வாரத்துச் சீலிங்குக்கு மேலே இடம் கொஞ்சம்தான். டக்ட், ஸ்பிரிங்ளர் குழாய், கேபிள் டிரே, கழிவுநீர்க் குழாய் என்று எல்லாருக்கும் அங்கே பங்கு வேண்டும். யாருக்கு முதல் இடம்? ஈர்ப்பு விசையில் ஓடும் கழிவுநீர்க் குழாய்க்குத்தான். அதற்கு வாட்டம் கட்டாயம். வழியில் தடை வந்தது என்று அது மேலே ஏறி இறங்க முடியாது. பெரிய டக்டை இடம் மாற்றுவது கடினம், சிறிய குழாயையும் கேபிளையும் வளைக்கலாம். இன்று ரெவிட், நேவிஸ்வொர்க்ஸ் போன்ற மென்பொருள்கள் எந்தக் குழாய் எதில் மோதுகிறது என்று சிவப்பில் காட்டிவிடும். ஆனால் மோதுகிற இரண்டில் எது விலக வேண்டும் என்பதை முடிவு செய்ய வாட்டம் என்றால் என்னவென்று தெரிந்த ஆள் வேண்டும்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில் குளிர்நீர்க் குழாய் வேலை. இன்சுலேஷன் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று திட்டப் பொறுப்பாளர் அட்டவணையில் இரண்டு பட்டைகளை இடம் மாற்றினார். இன்சுலேஷன் முன்னால் வந்தது, அழுத்தச் சோதனை பின்னால் போனது. காகிதத்தில் சில நாட்கள் மிச்சமானது. சோதனை வைத்தபோது ஒரு வெல்டிங் இணைப்பு கசிந்தது. எந்த இணைப்பு என்று தெரியாது, எல்லாம் இன்சுலேஷனுக்குள் மூடியிருக்கிறது. தண்ணீர் இன்சுலேஷனுக்குள்ளேயே ஓடி, கசிந்த இடத்தில் சொட்டாமல் வேறு இடத்தில் சொட்டியது. தாழ்வாரம் முழுக்க உரித்தெடுத்து மறுபடி சுற்றினார்கள். மிச்சம் பிடித்த நாட்களைப் போலப் பல மடங்கு நாட்கள் போயின. அந்தப் பொறுப்பாளர் சோம்பேறி இல்லை, கெட்டிக்காரர். அந்தக் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

அதே அழுத்தச் சோதனையில் உயிர் சம்பந்தப்பட்ட பாடமும் இருக்கிறது. வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு வரைக்கும் ஏற்றிச் சோதிப்பது வழக்கம், தண்ணீரை வைத்து. சைட்டில் அன்றைக்குத் தண்ணீர் இல்லை, கம்ப்ரெசர் இருக்கிறது, காற்றை வைத்துச் சோதித்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். தண்ணீர் கிட்டத்தட்ட அமுங்காதது. இணைப்பு விட்டுப்போனால் கொஞ்சம் பீய்ச்சியடித்து அழுத்தம் இறங்கிவிடும். அமுக்கிய காற்று தனக்குள் பெரும் ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கும். இணைப்பு விட்டால் குழாய்த் துண்டு குண்டு மாதிரி பறக்கும். உன் வெப்ப இயக்கவியல் பாடம் பரீட்சைக்கு மட்டும் என்று நினைக்காதே. ஒருநாள் "வேண்டாம், தண்ணீர் லாரி வரட்டும்" என்று உறுதியாகச் சொல்லி ஒரு ஃபிட்டரின் உயிரைக் காப்பாற்ற அது உனக்கு உதவும்.

இயந்திரமும் வரிசையும் ஒன்றாகும் இடத்துக்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. நம் ஊரில் தலைமையகம் வைத்திருக்கும் இன்போசிஸ், ஹைதராபாத் வளாகத்தில் 2011-இல் ஒரு கட்டடத்தைத் திறந்தது. கட்டடத்தைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான டக்ட் ஏசி, மறு பாதிக்குத் தளத்துக்குள்ளேயே குளிர்நீர்க் குழாய் பதித்த குளிர்விப்பு என்று கட்டி, இரண்டையும் அளந்து ஒப்பிட்டார்கள். குழாய் பதித்த பாதிக்கு மின்சாரம் நன்றாகவே குறைந்தது. வடிவமைப்பாளர்களுக்குக் கிடைத்த பாராட்டு நியாயமானது. ஆனால் கட்டியவரின் இடத்திலிருந்து யோசித்துப் பார். கம்பி கட்டும்போதே குழாய் போட வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது அந்தக் குழாய்களை அழுத்தத்தில் வைத்திருக்க வேண்டும். யாராவது மிதித்தோ, வைப்ரேட்டர் பட்டோ குழாய் உடைந்தால் அளவுமானி உடனே இறங்கிக் காட்டும், ஈரக் கான்கிரீட்டிலேயே சரிசெய்துவிடலாம். கெட்டியான பிறகு தெரிந்தால் தளத்தைத்தான் உடைக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும் அந்த நேரம் முழுக்கப் பம்புக்குப் பக்கத்தில் அளவுமானியைப் பார்த்துக்கொண்டு நிற்க, சிவில் மேஸ்திரியோடு பேசத் தெரிந்த மெக்கானிக்கல் ஆள் ஒருவர் வேண்டும். நீ ஆக விரும்பும் ஆள் அவர்தான்.

இனி படிப்புக்கு வருகிறேன். அமெரிக்காவில் கட்டுமான மேலாண்மைப் பட்டப்படிப்புக்குள்ளேயே இயந்திரப் பணிகளுக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. அங்கே இயந்திரப் பணி ஒப்பந்ததாரர்கள் 1889-லேயே சங்கம் அமைத்துவிட்டார்கள். அந்தச் சங்கம் கல்லூரிகளில் மாணவர் கிளைகள் நடத்துகிறது, ஒரு முழுத் திட்டத்துக்கு விலைப்புள்ளி தயாரிக்கும் போட்டியும் வைக்கிறது. நம் நாட்டில் கட்டுமான மேலாண்மை பெரும்பாலும் முதுகலைப் படிப்பு. 1983-இல் தொடங்கிய நிக்மார் என்ற நிறுவனம் அதற்கென்றே வந்தது. ஐ.ஐ.டி. மெட்ராஸிலும் முதுகலையில் உண்டு. அவற்றில் சேர்கிறவர்களில் பெரும்பாலோர் சிவில் படித்தவர்கள். ஆகவே இளநிலையில் இந்தப் படிப்பை நீயே கூட்டிக் கட்டிக்கொள்ள வேண்டும். அது குறையில்லை. 1917-இல் விசுவேசுவரய்யாவின் முயற்சியால் கே.ஆர். சர்க்கிளில் பொறியியல் கல்லூரி தொடங்கியபோது, சிவிலும் மெக்கானிக்கலும்தான் முதல் இரண்டு பிரிவுகள், ஒரே வளாகத்தில். உன் கல்லூரியிலும் சிவில் துறை அடுத்த கட்டடத்தில்தானே இருக்கிறது? நடந்து போ.

மெக்கானிக்கலில் திரவ இயக்கவியல், வெப்பப் பரிமாற்றம், குளிர்பதனமும் ஏசியும் ஆகிய மூன்றையும் கரைத்துக் குடி. இதில் சமரசம் கூடாது. கூடுதலாக 18 முதல் 20 கிரெடிட் எடுத்தால் மைனர் பட்டம் தர ஏ.ஐ.சி.டி.இ. வழி வைத்திருக்கிறது. உன் கல்லூரியில் கட்டுமானப் பக்கம் மைனர் கிடைக்கிறதா என்று துறைத் தலைவரிடம் கேள். கிடைக்காவிட்டால் சிவில் துறையின் திறந்த விருப்பப் பாடங்களில் மதிப்பீடும் விலை நிர்ணயமும், கட்டுமானத் திட்டமிடல் இரண்டையும் எடு. ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தைப் படிக்க ஒரு சிவில் தோழியிடம் கற்றுக்கொள், பதிலுக்கு அவளுக்குப் பம்ப் வளைகோட்டைச் சொல்லிக்கொடு. திட்டமிடலுக்கு என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

பாடப்புத்தகத்தோடு விதித்தொகுப்பையும் இப்போதே திறந்து பார்க்கப் பழகு. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் பகுதி 4 தீப் பாதுகாப்பு, பகுதி 8 கட்டடச் சேவைகள். நம் வேலையில் நிறைய அந்த இரண்டுக்குள் இருக்கிறது. எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதியையும் சேர்த்துக்கொள். நடுராத்திரி சைட்டில் வாக்குவாதம் வந்தால் குரல் உயர்ந்தவர் பேச்சு எடுபடாது, பக்கத்தைத் திறந்து காட்டுகிறவர் பேச்சுத்தான் எடுபடும். 1981-இல் தொடங்கிய இஷ்ரே என்ற குளிர்பதனப் பொறியாளர் சங்கத்துக்கு பெங்களூருவில் கிளை இருக்கிறது, கல்லூரிகளிலும் மாணவர் கிளைகள் உண்டு. சேர்ந்துகொள். அங்கே பேச வருகிறவர்கள் நாளைக்கு உன்னை வேலைக்கு எடுக்கிறவர்கள்.

விடுமுறைப் பயிற்சிக்கு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்த்தி வைக்கும் இடத்துக்குப் போகாதே. சான்றிதழ் பளபளப்பாக இருக்கும், கையில் ஒன்றும் ஏறாது. ஒரு நடுத்தர எம்.இ.பி. ஒப்பந்ததாரரிடம் சைட்டுக்குப் போ. ஒரு ஃபிட்டர் பின்னால் நின்று அவர் குழாய் அறுப்பதையும், வெல்டர் இணைப்பைத் தேய்ப்பதையும், ஆங்கர் ஃபாஸ்டனர் அடிப்பதையும் பார். ஒரு ஜோடி ஆட்கள் ஒரு நாளில் எத்தனை மீட்டர் டக்ட் ஏற்றுகிறார்கள் என்று நீயே எழுதிவை. சாமான் வராமல் எத்தனை மணி நேரம் சும்மா நிற்கிறார்கள் என்றும் எழுதிவை. உன் முதல் உண்மையான அட்டவணை அந்த நோட்டிலிருந்து பிறக்கும்.

பணத்தைப் பற்றியும் கற்றுக்கொள். இதை எந்தக் கல்லூரியும் போதுமான அளவு சொல்லித்தருவதில்லை. பி.ஓ.க்யூ. என்கிற அளவுப் பட்டியலில் எழுதியிருப்பதற்குத்தான் பணம் வரும். செய்த வேலையை அளந்து, கையெழுத்து வாங்கி, வேலை நடக்க நடக்க ஆர்.ஏ. பில் போட வேண்டும். கூடுதல் வேலை சொன்னால் எழுத்தில் வாங்கு, வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. பில்லில் ஒரு பங்கை ரிடென்ஷன் என்று பிடித்துவைப்பார்கள், அது குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்த பிறகுதான் வரும். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளைக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அது எப்போதும் நடக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. நல்ல ஒப்பந்ததாரர்கள் லாபம் இல்லாததால் மூழ்குவதைவிட, வர வேண்டிய பணம் உரிய நேரத்தில் வராததால் மூழ்குவதுதான் அதிகம். நீ அளவு எடுக்கத் தாமதித்தால் அந்த மாதம் முப்பது குடும்பங்களின் கூலி தாமதமாகும் என்பதை மனதில் வை.

அந்தக் குடும்பங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெங்களூரு சைட்டுகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளம் என்று பல இடத்து ஆட்கள் வேலை செய்கிறார்கள். இந்தி பேசப் பழகு. கன்னடம் கட்டாயம் கற்றுக்கொள். இந்த ஊரின் சோற்றைத் தின்கிறோம், இந்த ஊரின் மொழியில் பேசுவது மரியாதை, அதிகாரிகளிடம் வேலையும் சுலபமாக நடக்கும். தமிழர்கள் இங்கே கட்டிக் கொடுத்து மதிப்பு வாங்கியவர்கள். 1860-களில் எழுந்த அட்டாரா கச்சேரி, இன்றைக்கு உயர் நீதிமன்றம், ஆற்காடு நாராயணசாமி முதலியார் ஒப்பந்தம் எடுத்துக் கட்டியது. சம்பாதித்ததில் 1873-இல் பள்ளிக்கூடம் தொடங்கினார். எதிரே நிற்கும் விதான சவுதாவை 1950-களில் வடிவமைத்து நடத்தியவர் தலைமைப் பொறியாளர் பி.ஆர். மாணிக்கம். நம் தொழிலிலேயே பார்த்தால், துபாயில் புர்ஜ் கலீஃபாவின் எம்.இ.பி. வேலையைச் செய்த கூட்டு நிறுவனத்தில் கீழக்கரைக்காரர் பி.எஸ். அப்துர் ரகுமான் வளர்த்த ஈ.டி.ஏ.-வும், நம் நாட்டு வோல்டாஸும் இருந்தன. 828 மீட்டர் உயரக் கட்டடத்துக்குத் தண்ணீரும் குளிரும் கொடுத்த வேலை அது. உனக்கு முன்னே பெரிய வரிசை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இதைச் சொல்கிறேன்.

உன் அப்பாவின் கவலைக்கு வருகிறேன், அதை மறைத்து எழுத மாட்டேன். முதல் சம்பளம் உன் கோடிங் தோழியின் சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கும். ஒப்படைக்கும் நாள் நெருங்கும்போது ஞாயிறும் கிடையாது. பெண் இன்ஜினியர்கள் இப்போது முன்பைவிட அதிகம், ஆனால் எல்லா சைட்டும் அவர்களுக்கு ஏற்றபடி இல்லை. வேலைக்குச் சேரும் முன் சைட்டை நேரில் போய்ப் பார். பெண்களுக்குத் தனிக் கழிவறை இருக்கிறதா, இரவு வேலை முடிந்தால் வண்டி தருகிறார்களா, பாதுகாப்பு அதிகாரி இருக்கிறாரா என்று கேள். கழிவறையும் குடிநீரும் தர வேண்டும் என்று 1996-இல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டமே சொல்லியிருந்தது, கேட்பதில் வெட்கமில்லை. இதற்குப் பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்தில் குழாய் வேலையும் ஒழுங்காக இருக்காது. ஆட்களை நடத்தும் விதமும் வேலையின் தரமும் ஒன்றாகவே போவதை நான் எப்போதும் பார்த்திருக்கிறேன்.

இந்தத் துறை உனக்கு ஏற்றதல்ல என்று எப்போது தெரியும்? இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கும் நாளில் ஆர்வம் வராவிட்டால். அழுத்தமானி ஏன் எதிர்பார்த்த எண்ணைக் காட்டவில்லை என்ற கேள்வி உன்னைத் தூங்கவிடாமல் செய்ய வேண்டும். அது இல்லாமல், மேனேஜர் என்ற பட்டத்துக்காக மட்டும் வந்தால் சலித்துப் போய்விடுவாய். அப்படித் தெரிந்தால் தயங்காமல் வேறு பக்கம் போ, பெரியப்பா வருத்தப்பட மாட்டேன்.

ஆனால் நீ அப்படி இல்லை என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடித் தொட்டியின் பம்ப் ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது என்று நீதான் கேட்டாய், வேறு யாரும் கேட்கவில்லை.

ஆகவே இப்படிச் செய். படிவத்தில் குளிர்பதனமும் ஏசியும் முதல் விருப்பம், சிவில் துறையின் மதிப்பீட்டுப் பாடம் இரண்டாவது. வரும் விடுமுறைக்கு வடக்கு பெங்களூருவில் எனக்குத் தெரிந்த இரண்டு ஒப்பந்ததாரர்களிடம் பேசிவைக்கிறேன். இரண்டு சைட்டையும் நீயே போய்ப் பார்த்து, எது சரி என்று நீயே முடிவு செய். பயிற்சியின்போது ஒரு அளவு நோட்டு எழுதி என்னிடம் கொண்டு வா, வரி வரியாகப் படிக்கிறேன். உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ வேலை பார்க்கிற சைட்டுக்கு ஒருநாள் அவனை அழைத்துப் போ. தன் மகள் சொல்லி ஒரு வால்வைத் திறந்து தண்ணீர் ஓடுவதைப் பார்த்தால், அதற்கு மேல் அவனுக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்காது.

நன்றாகப் படி. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் பெரியப்பா